மின்னல் வாசித்த கிட்டார்

என் வீட்டுக்காரரை மின்னல் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மெல்லிசைக் குழுவில் கிட்டாரோடு நின்ற காலத்தில், பாட்டு சூடு பிடித்ததும் ஒரு காலை முன்னால் வைத்து, முடியைச் சிலுப்பி, கிட்டாரைக் கூட்டத்தை நோக்கித் துப்பாக்கி மாதிரி நீட்டுவாராம். அதனால் வந்த பேர். மின்னல் வெட்டினால் கொஞ்சம் பொறுத்தாவது இடி கேட்க வேண்டும். இவர் விஷயத்தில் அந்தச் சத்தம் மட்டும் கடைசி வரைக்கும் வரவேயில்லை.

காரணம் இருக்கிறது. அந்தக் குழுவுக்குச் சவுண்டு பார்த்தது என் தம்பி. மேடைக்கு எதிரே மிக்சர் போர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மேடையில் இருக்கும் எல்லோருடைய வயரும் அவனிடம்தான் போய்ச் சேரும். யார் சத்தத்தைக் கூட்டுவது, யார் சத்தத்தைக் குறைப்பது என்பதெல்லாம் அவன் விரல் நுனியில். என் வீட்டுக்காரருடைய பட்டனை மட்டும் அவன் கச்சேரி தொடங்கும்போதே அடியோடு இறக்கிவிடுவான். குழுத் தலைவர் உத்தரவு. ஆள் உயரம், நல்ல முகவெட்டு, பளபளவென்று சட்டை, பார்க்கக் கூட்டம் வரும். ஆனால் கைக்கும் தாளத்துக்கும் ஏழாம் பொருத்தம். அதனால் ஆள் வேண்டும், சத்தம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். நிஜமாக வாசிக்கிறவர் ஒருவர் கீபோர்டுக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார். கைதட்டல் இவருக்கு.

கல்யாணமான புதிதில் தம்பி இதை என்னிடம் சொன்னான். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. முதலில் பாவமாக இருந்தது. போகப்போக, தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி அவர் பீற்றிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு தனி சுகமாகிவிட்டது. யாராவது விருந்தாளி வந்து, ஒன்று வாசித்துக் காட்டுங்களேன் என்று கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ஒரு நாள் கம்பி பழசு, இன்னொரு நாள் காற்றில் ஈரம், அடுத்த முறை நகம் வெட்டிவிட்டார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இவருக்கு வீட்டுக் கூரை, தரை, தட்பவெப்பம் எல்லாமே கோணல்.

குழு கலைந்து ரொம்ப காலமாகிறது. இப்போது அவருக்கு லிஃப்ட் கம்பெனி ஆபீசில் புகார் போனை எடுக்கிற வேலை. ஆனால் அங்கேயும் மின்னல்தான். லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவனிடம்கூட, நான் யார் தெரியுமா என்று ஆரம்பிக்கிற ரகம்.

கிட்டார் மட்டும் நிஜமான சரக்கு. கப்பலில் வேலை பார்த்த அவருடைய சித்தப்பா எங்கிருந்தோ வாங்கி வந்து கொடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்பே செய்த எலக்ட்ரிக் கிட்டார். கட்டிலுக்குக் கீழே, கறுப்புப் பெட்டிக்குள், உள்ளே சிவப்பு வெல்வெட்டில் மகாராணி மாதிரி படுத்திருக்கும். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் தம்பி ஒரு நாள் மதியம் எனக்குப் போன் செய்து, அதே கம்பெனி, அதே வருஷத்துக் கிட்டார் ஒன்று எங்கேயோ என்ன விலைக்குப் போனது என்று சொன்னான். கேட்ட அதிர்ச்சியில் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன்.

ஊசி என் பிழைப்பு. ஆல்டரேஷன் கடையில் வேலை பார்க்கிறேன். பேன்ட் நீளம் குறைப்பது, ஸிப் மாற்றுவது, இடுப்பு பெருத்தவர்களுக்குத் தையல் பிரித்து விடுவது. இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, ஒரு நிலைக்கண்ணாடி, தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவு. கடை முதலாளியம்மாவுடையது. உழைப்பு என்னுடையது. அவர் தன் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். மெஷினும் வாடிக்கையும் கதவும் சேர்த்து எனக்கே தருகிறேன் என்றார். முன்பணத்தை ஒரே தடவையாகக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் போன் உறை விற்கிற ஒருவன் தயாராக நிற்கிறான், மெஷின்களைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டு அலமாரி அடிப்பான். அப்போது கடையும் போகும், வேலையும் போகும். அந்தக் கடையை நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கதவில் எழுதப் போகிற எழுத்தின் நிறம் வரைக்கும் முடிவு செய்து வைத்திருந்தேன்.

கிட்டாரை விற்கலாம் என்று சொன்னதும் வீட்டில் ஒரு வாரம் நாடகம் நடந்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். என் உயிரை விற்கச் சொல்கிறாய் என்றார். உயிரைக் கட்டிலுக்கு அடியில் தூசி பிடிக்கப் போட்டு வைக்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்றேன். கடைசியில், கையை வீசி, சரி, உனக்காக என்றார். ஒரு நிபந்தனை. வாங்குகிறவரிடம் இது மின்னல் வாசித்த கிட்டார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் விலை கூடுமாம். எனக்கு வாய்வரைக்கும் வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, அப்படியே சொல்லிவிடலாம் என்றேன். காரியம் பெரிதா, வீரியம் பெரிதா?

தம்பி பெட்டியும் கையுமாக வந்தான். சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை இரண்டாக மடித்து விரித்து, அதன்மேல் கிட்டாரை மல்லாக்கக் கிடத்தினான். பழைய கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினான். அவற்றைக்கூடத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டான். பழைய கிட்டாரை விற்கிறவன் முதலில் படிக்க வேண்டிய பாடம், எதையும் புதிதாக்கக் கூடாது என்பதுதானாம். பாலிஷ் கூடாது, பெயின்ட் கூடாது, ஒரு திருகைக்கூட மாற்றக் கூடாது. உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்க வேண்டியது, இருப்பதை இருக்கிறபடி காட்ட வேண்டியது, அவ்வளவுதான். பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்று முகத்தில் மாவு அப்புகிற வேலையெல்லாம் இங்கே ஆகாது என்றான்.

என் வீட்டுக்காரர் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். இந்தக் கிட்டாரோடு எந்த எந்த மேடையில் நின்றார், எங்கே கூட்டம் நாற்காலியை உடைத்தது, எங்கே ஒரு பெண் மயங்கி விழுந்தாள் என்று கதை ஓடியது. அந்தப் பெண் வெயிலில் மயங்கினாள் என்பது தம்பிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேரும் குனிந்துகொண்டோம்.

தம்பி பின்பக்கத் தகட்டைத் திறந்தான். உள்ளே வயர்களை ஈயம் வைத்து ஒட்டிய இடங்கள் தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தன. கழுத்தைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் அடியில் செய்தவர் யாரோ பென்சிலால் தேதி எழுதியிருந்தார். பென்சில் எழுத்துகூட அழியவில்லை. பிறகு டார்ச்சை எடுத்துக் கழுத்துப் பலகையின் மேல் சாய்த்து அடித்தான். பலகையில் குறுக்கே பதித்திருக்கும் மெல்லிய உலோகத் தண்டுகளுக்கு ஃபிரெட் என்று பேர். வாசிக்க வாசிக்கக் கம்பி அதில் அழுந்தி அழுந்திப் பள்ளம் விழும். விழுந்தே தீரும். தம்பி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். விரலால் தடவினான். பிறகு என்னைப் பார்த்தான். ஒரு தண்டில்கூட ஒரு கீறல் இல்லை.

"அத்தான், நீங்க ரொம்ப மெதுவா அழுத்துவீங்க போல," என்றான்.

"கை பழக்கம்டா. அழுத்தித் தேய்க்கிறவன் எல்லாம் கத்துக்குட்டி," என்றார் அவர். குரலில் அலட்டல் இருந்தது. கண் மட்டும் அந்தத் தண்டுகளை விட்டு நகரவில்லை.

தம்பி வெளிச்சத்தில் வைத்து முன்னும் பின்னும் போட்டோ எடுத்தான். பின்பக்கத் தகட்டில் பொறித்திருந்த சீரியல் நம்பரைத் தனியாக எடுத்தான். எல்லாவற்றையும் ஒரு கண் டாக்டருக்கு அனுப்பினான். பழைய கிட்டார் சேர்ப்பது அந்த மனிதருடைய பைத்தியமாம். சாயங்காலமே டாக்டர் கூப்பிட்டார். தம்பி போனை மேஜைமேல் வைத்து, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், அதைத் தடுக்கத் தோன்றவில்லை.

டாக்டர் குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி துள்ளியது. இவ்வளவு வருஷத்தில் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். தம்பி சொன்ன விலையைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். எனக்குக் காது ஜிவ்வென்று அடைத்தது. அதன் பிறகு அவர் சொன்னதைத்தான் என் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.

"இத யாரும் வாசிச்சதே இல்ல போலருக்கே. அதாங்க இதோட அழகு. ஞாயித்துக்கிழம நானே நேர்ல வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் யாரும் தொட வேணாம்."

போனை வைத்ததும் நான் தம்பியின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தேன். நாற்பது தாண்டியவன், வெட்கப்பட்டுக்கொண்டு துடைத்தான். என் வீட்டுக்காரர் எழுந்து போய் ஜன்னல் ஓரம் நின்றார். உயிரைப் பிரிகிற சோகம் என்று நினைத்துக்கொண்டேன். நடிப்புக்குக் குறைச்சலே இல்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதலாளியம்மாவிடம் வீட்டுக் கிட்டார் விலை போகிறது, கடையை நானே எடுத்துக்கொள்கிறேன், திங்கட்கிழமை பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் போன் உறைக்காரனுக்கு இல்லையென்று சொல்லாமல், திங்கள்வரை பொறு என்று மட்டும் சொல்லி வைத்தார். வியாபாரம் தெரிந்த பெண்மணி. நான் அந்த வாரம் முழுக்க மிதந்துகொண்டிருந்தேன். இஸ்திரிப் பெட்டியால் ஒருவருடைய கால்சட்டையைச் சுட்டுவிட்டேன். அதற்குக்கூட வருத்தமில்லை.

மிதந்ததால்தான் கண்ணில் படவேண்டியது படவில்லை. அவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். ஒரு நாள் வந்தபோது பால்கனியில் செய்தித்தாள் விரித்துக் கிடந்தது, பொடிப்பொடியாகத் தூசி. ஜன்னல் கட்டையில் பெயின்ட் உரிகிறது, தேய்த்தேன் என்றார். வீட்டுக் காரியம் பார்க்கிறாரே என்று அதிசயப்பட்டேன். இன்னொரு நாள் பட்டப்பகலில் கொசுவர்த்திச் சுருள் எரிந்துகொண்டிருந்தது. சமையலறைக் கிண்ணத்தில் கறுத்த டீத் தண்ணீர் கிடந்தது. கேட்டதற்கு, தலைவலி, கெட்டியாகக் குடித்தேன் என்றார். கட்டிலுக்கு அடியில் பெட்டி பூட்டியபடியே இருந்தது. டாக்டர்தான் தொடாதே என்றாரே, அதனால் நானும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, பையில் பேனா மாதிரி ஒரு சின்ன டார்ச். செருப்பை வாசலில் சேர்த்து வைத்துவிட்டு வந்தார். அதிலேயே எனக்குப் பிடித்துப்போனது. தண்ணீர் வேண்டாம், டீ வேண்டாம், முதலில் பார்த்துவிடுகிறேன் என்றார். தம்பி பெட்டியைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தான். என் வீட்டுக்காரர் அந்தக் காலத்துப் பளபளச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். பட்டன் வயிற்றில் இழுத்துக்கொண்டிருந்தது. சாவியை அவரே போட்டுத் திறந்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, தாழி உடைகிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குச் சத்தமே இல்லை. டாக்டர் பார்த்தார், தம்பி பார்த்தான், நான் பார்த்தேன். 

முன்னங்கை உராயும் இடத்தில் பெயின்ட் போய், கட்டை வெளியே தெரிந்தது. அதற்குப் பழைய நிறம் வரட்டும் என்று டீத் தண்ணீர் பூசியிருந்தது. பூசியது சமமாகக்கூடப் பூசவில்லை, திட்டுத்திட்டாக. முதுகில் பெல்ட் பக்கிள் கிழித்த மாதிரி சாவியால் இழுத்த கோடுகள். ஃபிரெட் தண்டுகள் எல்லாவற்றிலும் பள்ளம். தலைப் பக்கம், கம்பி சுற்றும் ஆணிக்கு அருகில், சிகரெட் சூடு. ஆயுசில் ஒரு சிகரெட்டைத் தொடாத மனிதர். கொசுவர்த்திச் சுருளால் வைத்திருக்கிறார்.

"மேடைன்னா சும்மாவா சார்," என்றார் என் வீட்டுக்காரர். "இருபது வருஷ உழைப்பு."

 டாக்டர் போனை எடுத்துப் போட்டோவைத் திறந்து, கிட்டாருக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு தடவை அதைப் பார்த்தார், ஒரு தடவை இதைப் பார்த்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"தம்பி, போட்டோல இருந்த கிட்டார் எங்க?"

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. டாக்டருடைய வட்டத்தில் இன்னும் சில பேர் பழைய கிட்டார், பழைய ஆம்ப்ளிஃபையர் என்று இவனிடம் கொடுக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. ஒன்றைக் காட்டி ஒன்றைத் தள்ளிவிடுகிறவன் என்று பேர் வந்தால் அவன் கடை ஷட்டரை இறக்கிவிட்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். அவன் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

அவர் சொன்னதைக் கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சித்தப்பா கொண்டுவந்தது இரண்டு கிட்டாராம். போட்டோவில் இருந்தது சும்மா பெட்டியிலேயே கிடந்த இன்னொன்றாம். அதை நேற்று வேறு ஒருவருக்கு அதிக விலைக்குத் தள்ளிவிட்டாராம். இதுதான் அவர் மேடை மேடையாக வாசித்த அசல் கிட்டாராம். அவர்தான் ஏமாற்றினாராம், மச்சானுக்கு இதில் சம்பந்தமே இல்லையாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார். ஒரு கிட்டாரில் சத்தம் வராத மனிதர் இரண்டு கிட்டாருக்கு ராஜாவாகிவிட்டார். திருடன் என்று பேர் வாங்கினாலும் வாங்குவேன், வாசிக்காதவன் என்ற பேர் மட்டும் வேண்டாம் என்று நிற்கிற ஒரு ஜென்மத்தை நான் அதுவரைக்கும் கண்டதில்லை.

டாக்டர் கிட்டாரைத் திருப்பி, பின்பக்கத் தகட்டில் டார்ச்சை அடித்தார். போனில் நம்பரைப் பெரிதாக்கினார். இரண்டையும் சத்தமாக, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"நம்பர் ஒண்ணுதான் சார்," என்றார்.

 தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்காகவாவது நான் பேசியாக வேண்டும். போட்டோ எடுத்த அன்றைக்கு இதில் ஒரு கீறல்கூட இல்லை, இந்த வாரத்தில் இவர்தான் வீட்டில் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார், என் தம்பிக்கு இப்போதுதான் தெரியும், எனக்கும் இப்போதுதான் தெரியும் என்று டாக்டரிடம் சொன்னேன். எதற்காக என்று கேட்டார். வாசித்த மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. மிக்சர் போர்டுப் பட்டனைப் பற்றி நாக்கு நுனிவரை வந்தது. இந்த வீட்டில் இன்றைக்கு இவ்வளவு அசிங்கம் போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

டாக்டர் குனிந்து ஃபிரெட்டுகளைப் பார்த்தார். அரம் வைத்து இழுத்த கோடு அவருக்குத் தெரிந்துவிட்டது. கட்டையை முகர்ந்து பார்த்தார். டீயா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த மனிதர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபமே இல்லை. செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

"ரெண்டு கிட்டார்னு சார் சொன்னது உண்மையா இருந்திருக்கக் கூடாதாம்மா. அந்த இன்னொண்ணு எங்கயாவது நல்லபடியா இருந்திருக்கும்," என்றார்.

தம்பியின் தோளில் கை வைத்து, உங்கள் மேல் தப்பில்லை என்று மெதுவாகச் சொன்னார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தம்பி தன் சாமான்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினான். பழைய கம்பி இருந்த கவரை மேஜையிலேயே வைத்தான்.  போயிட்டு வரேன்க்கா என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

நாங்கள் இரண்டு பேர், நடுவில் அந்தக் கிட்டார்.

நான் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை, மூக்கு எரிகிற அழுகை. முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"அந்த ஆளு இத எடுத்துட்டுப் போயிருப்பார். அப்பறம் ஆயுசுக்கும் அவர நாம பாக்கப் போறதில்ல. அவர் ஒருத்தருக்குத் தெரியக் கூடாதுன்னு என் கடையத் தேச்சுத் தள்ளிட்டீங்களே."

 அவர், சட்டையில் இழுத்துக்கொண்டிருந்த பட்டனை அவிழ்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், ஒரு கச்சேரியைப் பற்றிச் சொன்னார். இதுவரைக்கும் நான் கேட்டிராத கச்சேரி, அவர் குழுவில் சேர்ந்த புதிதில் நடந்தது. பாட்டின் நடுவே காலை முன்னால் வைத்தபோது வயர் காலில் மாட்டிக் கிட்டாரிலிருந்து கழன்று விழுந்துவிட்டதாம். குனிந்து மாட்டினால் கேவலம் என்று அப்படியே வாசித்தாராம். பாட்டு நிற்கவில்லை. சத்தம் குறையவில்லை. கைதட்டலும் குறையவில்லை. தம்பி மிக்சரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அன்றைக்கே அவருக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு எத்தனையோ மேடை, அவர் கம்பியைத் தொடவேயில்லை. விரலைக் கம்பியில் படாமல் மேலாகவே ஓட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அந்த டாக்டருக்காகவா தேச்சேன்?" என்றார். "ஞாயித்துக்கிழம அவர் வந்து, இத வாசிக்கவே இல்லேன்னு உன் முன்னாடி வெச்சே சொல்லுவார். போன்ல சொன்னத நீ ஏதோ பேச்சுக்குச் சொல்றார்னு எடுத்துக்கிட்டே. நேர்ல வெளக்கிச் சொன்னா உனக்குப் புரிஞ்சுடும்ல. உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான்."

நான் அவரைப் பார்த்தேன். இந்த மனிதர் இவ்வளவு காலமும், நான் நம்பிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கு அது கல்யாணமான வருஷமே தெரியுங்க," என்றேன்.

அவர் நிமிரவில்லை. அடித்திருந்தால்கூட ஒரு ஆள் அப்படிச் சுருங்க மாட்டார். என் வாய்க்கு அவ்வளவு பேச்சு தெரியும், அவ்வளவு காலமாக இந்தத் தருணத்துக்குச் சேர்த்து வைத்த பேச்சு. எதுவும் வரவில்லை. வெற்றி பெற்ற மாதிரியும் இல்லை. கடை போய்விட்டது, அதுதான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலோ, நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலோ போதும் என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

திங்கள்வரை இழுத்து என்ன ஆகப்போகிறது? போனை எடுத்து அங்கேயே, அவர் எதிரிலேயே முதலாளியம்மாவைக் கூப்பிட்டேன். கடை எனக்கு வேண்டாம், போன் உறைக்காரருக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். அவருக்கு நம்ப முடியவில்லை. நேற்றுவரை கதவில் பேர் எழுதுகிறவனைத் தேடிக்கொண்டிருந்தாயே, என்ன நடந்தது, கிட்டார் விலை போகவில்லையா என்று விடாமல் கேட்டார்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பளபளச் சட்டை, அவிழ்ந்த பட்டன், நரைத்த நெஞ்சுமுடி. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவர்மேல் அப்போதும் எரிச்சல்தான், இப்போதும் எரிச்சல்தான்.

"போகலம்மா," என்றேன். "அவர் அதுல ரொம்ப வாசிச்சுட்டார். எல்லாம் தேஞ்சு போச்சாம்."



"உன் வீட்டுக்காரர் அவ்ளோ பெரிய வித்வானா? இத்தன வருஷத்துல நீ சொன்னதே இல்லையே," என்றார் முதலாளியம்மா.

"ஆமாம்மா, சொன்னதில்ல," என்றேன். என் வீட்டுக்காரர் எழுந்து, என்னைக் கடந்து, பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.